போக்கர் டேபிளில் சிப் கையாளலும் பெட் அளவும்: எதுவரை சாமர்த்தியம், எங்கிருந்து போங்கு?

வைகைக்கரை | ஞாயிறு, இரவு 8.40

மதுரைக்குள்ள காசு வைக்காம, புள்ளிக்கு மட்டும் ஆடுற போக்கர் டேபிள்கள்ல ஏரியாவுக்கு ஒரு விதி ஓடுது. திருநகர்ல ஒண்ணு, கே.கே.நகர்ல ஒண்ணு, ஆனையூர்ப் பக்கம் விதியே கிடையாது. ரம்மியும் மூணு சீட்டும் ஆடிப் பழகின கை அப்படியே போக்கருக்கு வருது. சிப்பை (புள்ளிக்கான வில்லை) நோட்டு மாதிரி நடுவுல விட்டெறியிறது, வாயால ஒண்ணு சொல்லிக் கையால ஒண்ணு வைக்கிறது, மாட்டிக்கிட்டா "நான் அப்படிச் சொல்லவே இல்லை"ன்னு பின்வாங்குறது. இதுல எது ஆட்டத்துக்குள்ள இருக்கிற ஏய்ப்பு, எது அழுகுணின்னு ஒரே இடத்துல எழுதி வச்சுக்கலாம்னு இந்த இழை.

மூணு கேள்வியோட ஆரம்பிக்கிறேன்.

ஒண்ணு: பிளைண்ட் (ரெண்டு பேர் முன்கூட்டியே கட்டாயமா வைக்கிற சின்ன, பெரிய தொகை) 100-200. ஃப்ளாப்புக்கு (தரையில முதல்ல விரிக்கிற மூணு பொதுச் சீட்டு) முன்னாடி ஒருத்தர் 600க்கு ஏத்துறாரு. அடுத்தவர் வாயே திறக்காம ஒத்தை 1000 சிப்பை வைக்கிறாரு. இது காலா (அந்த 600க்குச் சமமா வைக்கிறது), ரெய்ஸா (அதுக்கு மேல ஏத்துறது)?

ரெண்டு: 5000 சிப்பை 100 சிப் அடுக்குக்குப் பின்னால நிறுத்தி வைக்கலாமா?

மூணு: எதிராளி பெட் (பந்தயம்) போடலாமா வேண்டாமான்னு யோசிக்கும்போதே நாம சிப்பை அள்ளிக் கையில வச்சுக்கிட்டு "போடு, பாத்துக்கிறேன்"ங்கிற மாதிரி உக்காரலாமா?

இதுக்கு மேல ஒரு பெரிய கேள்வியும் இருக்கு. கையால ஏய்க்கிறது பெருசா, பெட் அளவால ஏய்க்கிறது பெருசா?


தெப்பக்குளம்_டீலர் | ஞாயிறு, இரவு 9.15

நான் சொல்றது டி.டி.ஏ. விதி. டூர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன்னு 2001ல ஆரம்பிச்ச அமைப்பு. உலகத்துல பெரிய போட்டிகள் பலதுக்கும் இதுதான் அடிப்படை. வீட்டு டேபிளுக்கும் இதையே எடுத்துக்கிட்டா சண்டை பாதி குறையும்.

முதல் கேள்விக்குப் பதில்: கால். எதிர்ல பெட் நிக்கும்போது, "ரெய்ஸ்"னு முன்கூட்டிச் சொல்லாம ஒரே ஒரு பெரிய சிப் விழுந்தா அது கால் மட்டும்தான். மிச்சம் 400 அவர்கிட்டயே திரும்பும். அதே சிப்பை ஃப்ளாப்புக்கு அப்புறம், யாரும் பெட் போடாத நேரத்துல பேசாம வச்சா அது முழு 1000 பெட். முக்கால்வாசிப் பேர் குழம்புறது இந்த இடத்துலதான். ஃப்ளாப்புக்கு முன்னாடி பெரிய பிளைண்டே ஒரு பெட் கணக்கு. அதனால யாரும் ஏத்தாதப்பவும் பேசாம 1000 வச்சா அது 200 கால்தான்.

ஒண்ணுக்கு மேல சிப் விழுந்தா சோதனை இதுதான்: விழுந்ததுல இருக்கிற மிகச் சின்ன சிப் ஒண்ணை மனசுல எடுத்துடுங்க. மிச்சம் கால் தொகைக்குக் கீழ போயிட்டா, வச்ச சிப் எல்லாம் காலுக்கே தேவைப்பட்டிருக்கு, அப்ப அது கால். கீழ போகலைன்னா பாதி விதிக்குப் போகணும்: கூடுதலாப் போட்டது குறைஞ்சபட்ச ரெய்ஸ்ல பாதியைத் தொட்டா ரெய்ஸ், தொடலைன்னா கால். அதே 600 உதாரணத்துல குறைஞ்சபட்ச ரெய்ஸ் 400 (200லேருந்து 600 ஆனதால), பாதி 200.

ரெண்டு 500 சிப்: ஒண்ணை எடுத்தா 500. கால்.

ஒரு 500, ரெண்டு 100: ஒரு 100 எடுத்தாலும் 600 நிக்குது. கூடுதலாப் போட்டது 100, பாதியைத் தொடலை. கால், 100 திரும்பும்.

ஒரு 500, மூணு 100: கூடுதல் 200. பாதியைத் தொட்டாச்சு. இனி 1000 வரைக்கும் நிரப்பியே ஆகணும். "தெரியாம வச்சுட்டேன்" செல்லாது.

ரெண்டாவது கேள்வி: கூடாது, இதுல பேச்சே இல்லை. பெரிய மதிப்பு சிப் எப்பவும் முன்னாலயோ மேலயோ கண்ணுல படணும். அடுக்கு இருபது இருபதா, ஒரு அடுக்குல ஒரே நிறம். எதிராளிக்கு உங்ககிட்ட ஏறக்குறைய எவ்வளவு இருக்குன்னு கணிக்கிற உரிமை உண்டு. ஆல் இன் (மொத்த அடுக்கையும் வைக்கிறது) சொல்லி, இன்னொருத்தர் கால் பண்ணின பிறகு பின்னாலேருந்து ஒரு 5000 முளைச்சா, அந்த சிப் பேசின பந்தயத்துல நியாயமாச் சேருமான்னு நடத்துறவர் முடிவெடுக்கணும். சேராதுன்னு ஆயிட்டா, ஒளிச்சவர் ஜெயிச்சாலும் அதுக்கு ஈடு கிடைக்காது. தோத்தா அந்த சிப் அவரைக் காப்பாத்தாது, ஜெயிச்சவருக்கே குடுத்துடலாம். ஆக, ஒளிக்கிறதுல லாபம் எந்தப் பக்கமும் வராத மாதிரித்தான் விதியை எழுதியிருக்காங்க.

மூணாவது கொஞ்சம் வழவழ. மத்தவங்க சொல்லட்டும்.


கோரிப்பாளையம்_சந்து | ஞாயிறு, இரவு 9.50

ரெண்டாவதுக்கு ஒத்துக்கிறேன் டீலரண்ணே. மூணாவதுக்கு என்ன வழவழ? தாராளமாச் செய்யலாம். வாடிவாசலை விட்டு வெளிய வந்த மாடு நின்னு மண்ணைப் பறிக்குதுல்ல, அது குத்துறதுக்கு முன்னாடியே பாதிப் பயலுக சிதறிருவாய்ங்க. மாட்டுக்கு யாரும் விதி போடலையே. சிப்பைக் கையில எடுக்கிறது பேச்சும் இல்லை, பெட்டும் இல்லை. அதைப் பாத்து ஒருத்தர் பின்வாங்கினா அது அவர் நெஞ்சுரம். எல்லாத்தையும் போங்குன்னு ஒதுக்கிட்டா அப்புறம் மொபைல்லயே ஆடிக்கலாம், எதுக்கு எதிர்ல ஆள உக்கார வைக்கணும்?


தெப்பக்குளம்_டீலர் | ஞாயிறு, இரவு 10.05

சந்து தம்பி, ரெண்டு விஷயத்தை ஒண்ணாப் போட்டு கலக்குறீங்க. சிப்பைச் சும்மா கையில வச்சிருக்கிறது ஒண்ணு. பெட் கோட்டை (பெட் வைக்கிற இடத்தோட எல்லைக் கோடு) தாண்டுற மாதிரி கையை முன்னால கொண்டுபோய், எதிராளி மூஞ்சியைப் பாத்துட்டு, பின்னால இழுத்துக்கிறது இன்னொண்ணு. ரெண்டாவது சுத்தமான போங்கு. நம்ம முறையில சிப்போட கை முன்னால நகர்ந்துட்டா அது பெட்டுன்னு வச்சுக்கிட்டா இந்தப் பழக்கம் ரெண்டே வாரத்துல செத்துடும்.

இழுத்து இழுத்து வைக்கிறதும் அதே ஜாதி. 300 வச்சுட்டு, மறுபடி அடுக்குக்குப் போய் இன்னொரு 500 எடுத்துட்டு வர்றது. முதல் தடவை வச்சதும் எதிராளி முகம் எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு ரெண்டாவது கை நீளுது. அதனால ஒரே அசைவுல வைக்கணும், இல்லைன்னா தொகையை முதல்லயே வாயால சொல்லணும். சொல்லிட்டா பத்துத் தடவை எடுத்து வச்சாலும் யாரும் கேக்க முடியாது.

முறை வராம சிப்பை எடுக்கிறதுக்குத் தண்டனை ஒண்ணும் எழுத வேண்டாம், ஆனா நடத்துறவர் எச்சரிக்கலாம்னு வச்சுக்கலாம்.


மேலூர்_கணக்கு | ஞாயிறு, இரவு 10.40

அந்த மிரட்டல் போங்கா இல்லையா என்பதை விடுங்கள். அது பலிக்காது என்பதுதான் என் ஆட்சேபம்.

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பர்ஸைத் திருடுகிறவன் யாருடைய பையையும் துழாவித் தேடுவதில்லை. கூட்டம் நெருக்கும்போது எவன் கை தன்னையறியாமல் எந்தப் பையைத் தொட்டுப் பார்க்கிறது என்று கவனிக்கிறான். சிப்பிலும் அதுதான். ஃப்ளாப் விழுந்ததும் ஒரு நொடி தன் அடுக்கின் மேல் கண் போய்த் திரும்பினால், அந்த ஆள் பெட் போட நினைக்கிறார், பெரும்பாலும் கை (கையில் உள்ள சீட்டு) பலமாக இருக்கும். யோசிக்காமல் வருவது அது. எதிராளியின் முறையில் சிப்பை அள்ளிப் பிடித்துக் காட்டுவது யோசித்துச் செய்வது. உண்மையிலேயே பலமான கை இருப்பவருக்கு எதிராளி பெட் போட வேண்டும் என்றுதான் ஆசை. அவர் ஏன் பயமுறுத்த வேண்டும்? ஆகவே இந்தச் சைகையின் அர்த்தம் "தயவுசெய்து போடாதே". விவரம் தெரிந்தவர் எதிரில் இருந்தால் உடனே பெட் போடுவார்.

2013இல் மைக்கேல் ஸ்லெபியன் குழுவினர் சைக்கலாஜிக்கல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2009 உலகப் போட்டியின் வீடியோத் துணுக்குகளைப் போக்கர் தெரியாத மாணவர்களுக்குக் காட்டி, சீட்டு எவ்வளவு பலம் என்று மதிப்பிடச் சொன்னார்கள். முகத்தை மட்டும் பார்த்தவர்களின் கணிப்பு தேறவில்லை. சிப்பைத் தள்ளும் கைகளை மட்டும் பார்த்தவர்கள் குருட்டுக் கணிப்பை விட நன்றாகச் சொன்னார்கள். தடங்கலில்லாமல் வழுக்கிப் போகும் கை, பலமான சீட்டோடு பொருந்தியது. முகத்துக்குக் கறுப்புக் கண்ணாடி போடுகிறவர்கள் கையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்பதுதான் வேடிக்கை.


டவுன்ஹால்ரோடு | திங்கள், காலை 7.20

நல்ல பேச்சு. ஆனா நம்ம ஊருக்குன்னே இருக்கிற ஒரு சிக்கலை யாரும் சொல்லலை. "கால்".

பாட் (நடுவுல சேந்திருக்கிற மொத்தத் தொகை) 1200 இருக்கு. ஒருத்தர் "கால் பாட்"ங்கிறாரு. அவர் சொல்றது 300 பெட். எதிர்ல இருக்கிறவர் காதுல விழுறது கால், அதாவது சம்மதம். எதிர்ல பெட் ஒண்ணு ஏற்கெனவே இருந்துட்டா இது பெரிய தகராறு. அதே மாதிரி "மேல ஐநூறு". ஏற்கெனவே இருக்கிற 600க்கு மேல 500 கூட்டி 1100ஆ, இல்லை மொத்தமே 500ஆ? ரெண்டாவது அர்த்தத்துக்கு அங்க இடமே இல்லை, ஆனா "மேல ஆயிரம்"னா 1000மா 1600ஆன்னு ரெண்டுக்கும் இடம் இருக்கு. இதை வேணும்னே பயன்படுத்துறவய்ங்க இருக்காய்ங்க.

தீர்வு: பின்னம் சொல்லக் கூடாது. தொகை மட்டும், அதுவும் "மொத்தம் 1600". காலுக்கு "சமம்"னு சொல்லலாம்.


தெப்பக்குளம்_டீலர் | திங்கள், காலை 7.45

"அஞ்சு"ன்னு மொட்டையாச் சொல்றதையும் சேத்துக்குங்க. ஐநூறா, ஐயாயிரமா? விதிப்படி, நியாயமா வரக்கூடிய அர்த்தங்கள்ல, அந்த பெட்டுக்கு முன்னாடி இருக்கிற பாட்டைத் தாண்டாத மிகப் பெரிய தொகை எதுவோ அது. பிளைண்ட் 200-400, பாட் 3000னா "அஞ்சு" 500. பாட் 5000த்தைத் தொட்டிருந்தா அதே சொல் 5000. தெரியாம சொன்னவருக்கு வயித்தைக் கலக்கும்.

வாயும் கையும் முரண்பட்டா, எது முதல்ல வந்ததோ அது நிக்கும். ரெண்டும் ஒரே நேரம்னா, தெளிவாக் கேட்ட வாய்ச்சொல்தான்.

இன்னொண்ணு. கால் பண்றவர்தான் எதிர்ல எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு பண்ணணும். எண்ணிச் சொல்லச் சொல்லிக் கேக்கிற உரிமை இருக்கு. கேக்காம "சமம்"னு சொல்லிட்டு அப்புறம் "அவ்வளவா?"ன்னா கேள்வி எடுபடாது. ஏய்ப்புக்கு எதிரா இருக்கிற ஒரே மருந்து, "எண்ணுங்கண்ணே".


கோரிப்பாளையம்_சந்து | திங்கள், காலை 9.10

சரி, மிரட்டல் பலிக்காதுன்னு வச்சுக்குவோம். அப்ப அடுக்கு விஷயம்? 2000 பெட்டை ரெண்டு 1000 சிப்பா வச்சா ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியுது. இருபது 100 சிப்பா அடுக்கி வச்சா கோபுரம் மாதிரி நிக்குது. எல்லாம் கண்ணு முன்னால, எண்ணக்கூடியது, போங்கு இல்லை. கால் வேணும்னா குட்டையா, ஃபோல்டு (எதிராளி சீட்டை மடக்கி விலகுறது) வேணும்னா கோபுரமா. இது கையாளல்தானே? இது பலிக்குமா பலிக்காதா?


சொக்கிகுளம்_அடுக்கு | திங்கள், மதியம் 1.30

பலிக்கும். ஒரு தடவை.

39 மில்லிமீட்டர் அகல சிப், கனம் மூணு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. இருபதை அடுக்கினா ஆறரை சென்டிமீட்டர் உயரம். புதுசா வந்தவங்களுக்கு அந்த உயரம் உறைக்கத்தான் செய்யும். ஆனா கோபுரம் வைக்கிற ஒவ்வொரு தடவையும் அது பிளஃப்பா (பலமில்லாத சீட்டோட ஏய்க்கப் போடுற பெட்) இருந்தா, மூணாவது வாரம் டேபிளே அதைப் படிச்சுடும். தொகையை எந்த மதிப்பு சிப்புல குடுக்கிறதுங்கிறதை சீட்டு தீர்மானிக்கக் கூடாது. ஒரே வழக்கம் வச்சுக்குங்க: எப்பவும் குறைஞ்ச எண்ணிக்கை சிப். சில்லறை அதிகமா சேந்துட்டா மட்டும் சில்லறை.

950, 1000 விஷயமும் இதே கதை. பாட்டா விலை மாதிரி 950 சின்னதாத் தெரியும். ஆனா ஒரு கைக்கு 950ம் இன்னொரு கைக்கு 1000மும் போட்டீங்கன்னா நீங்களே நோட்டீஸ் ஒட்டுறீங்க.

ஏய்ப்பு இல்லாமலே ஏய்ப்பு மாதிரி நடக்கிறதும் உண்டு. மலிவான செட்டுல கருநீலமும் கறுப்பும் ராத்திரி மஞ்சள் பல்புல ஒண்ணாத் தெரியும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் லைட்டுல ஆடும்போது கேக்கவே வேண்டாம். மதிப்பு எண் அச்சடிச்ச சிப் வாங்குங்க, இல்லைன்னா பெர்மனென்ட் மார்க்கர்ல ரெண்டு பக்கமும் எழுதுங்க. ஜமுக்காளத்தை விரிச்சு ஆடாதீங்க. நெளிவுல இருபது அடுக்கு நிக்காது, சாஞ்சு கலந்துடும், எது பெட் எது அடுக்குன்னு தெரியாமப் போகும். ஃபெல்ட் துணி, அடியில மெல்லிய ஸ்பான்ஞ்ச், நாலு பக்கமும் இழுத்துக் கட்டினா போதும். பெட் கோட்டை வெள்ளை டேப்புல ஒட்டிடுங்க, ஆள்கிட்டேருந்து ஒரு சாண் உள்ள.

ஆளுக்கு 10,000 ஆரம்பம்னா: 25 எட்டு, 100 எட்டு, 500 நாலு, 1000 ஏழு. மொத்தம் 27 சிப். ஒன்பது பேருக்கு 243. 300 சிப் பெட்டியில மிச்சம் 57 இருக்கும், நிறக் கணக்கு பாத்து வாங்குங்க. பிளைண்ட் 100-200 வந்ததும் 25 சிப்பை எல்லாம் எடுத்துடணும். இல்லைன்னா அழுக்கு அடுக்கு (நிறம் கலந்த அடுக்கு) சேரும், பெரிய சிப் ஒளிய இடம் கிடைக்கும்.


மேலூர்_கணக்கு | திங்கள், இரவு 9.00

வைகைக்கரை கேட்ட பெரிய கேள்விக்கு வருகிறேன்.

2017 ஜனவரியில் பிட்ஸ்பர்கில் லிப்ராடஸ் என்ற நிரல், நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாள், 1,20,000 கை (ஒவ்வொரு தடவை சீட்டுப் போட்டு ஆடுவதும் ஒரு கை) ஆடி வென்றது. கார்னகி மெலன் பல்கலையில் துவோமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் எழுதியது. அதற்குக் கையில்லை, முகமில்லை, சிப்பைத் தூக்கிக் காட்டத் தெரியாது. பாட்டை விடப் பல மடங்கு பெட் போட்டும், ஒரே நிலைமையில் வெவ்வேறு அளவுகளைக் கலந்தும் எதிரிகளைத் திணறடித்தது. பெட் அளவு ஒன்றே போதும் என்பதற்கு இதை விடச் சாட்சி வேண்டாம்.

அளவு எப்படி ஏய்க்கிறது? பாட் 1200 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றில் ஒரு பங்கு, 400 போட்டால்: எதிராளி 400 செலுத்தி மொத்தம் 2000த்துக்கு நிற்கிறார். அவருக்கு 20 சதவீத வெற்றி வாய்ப்பு இருந்தால் நட்டமில்லை. உங்கள் பிளஃப் நான்கில் ஒரு தடவை பலித்தால் போதும்.

அரை, 600: அவருக்கு 25 சதவீதம் தேவை. உங்கள் பிளஃப் மூன்றில் ஒரு தடவை.

முழு, 1200: அவருக்கு 33 சதவீதம். உங்களுக்கு இரண்டில் ஒரு தடவை.

இரண்டு மடங்கு, 2400: அவருக்கு 40 சதவீதம். உங்களுக்கு மூன்றில் இரண்டு தடவை.

டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) நான்கு ஒரே நிறச் சீட்டோடு (நிறம் என்பது இஸ்பேடு, ஆட்டின் போன்ற இனம்) ஃப்ளஷ்ஷுக்கு, அதாவது ஐந்தும் ஒரே நிறமாவதற்குக் காத்திருப்பவருக்கு, அவர் பார்க்காத 46 சீட்டில் 9, அதாவது 19.6 சதவீதம். நீங்கள் 400 போட்டால் ஏறக்குறைய சரியான விலையில் அவருக்குச் சீட்டு விற்கிறீர்கள். ரிவரில் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) சீட்டு வந்தால் இன்னும் கொஞ்சம் பிடுங்குவார் என்பதால் அவருக்கு லாபம். 600 போட்டால் அந்த நேரத்து விலையில் அவருக்கு நட்டம்.

ரிவரில் எத்தனை பிளஃப் கலக்கலாம் என்பதும் இதே எண்தான். உங்கள் பலமான கைகள் 12 விதம் என்றால், அரை பாட் பெட்டில் 4 பிளஃப், முழு பாட்டில் 6, இரண்டு மடங்கில் 8. அப்படிக் கலந்தால் நடுத்தரக் கை வைத்திருக்கும் எதிராளி கால் பண்ணினாலும் மடக்கினாலும் ஒன்றுதான். பெரிய பெட்டில் பிளஃப் குறைய வேண்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கணக்கு நேர்மாறு.

1944இல் ஜான் வான் நியூமன் வெளியிட்ட எளிய போக்கர் மாதிரியிலேயே பெட் போடுவது உச்சிக் கைகளும் அடிமட்டக் கைகளும்தான், நடுவில் இருப்பவை பேசாமல் போகும். நம் டேபிள்களில் அடிமட்டம் பேசாமல் போகிறது, நடுத்தரம்தான் "சும்மா பார்ப்போம்" என்று பெட் போடுகிறது.


வைகைக்கரை | திங்கள், இரவு 9.30

கணக்கு புரியுது. ஆனா டேபிள்ல உக்காந்து 12க்கு 8ன்னு எண்ண முடியுமா? நடைமுறையில எங்க ஆரம்பிக்கிறது?


மேலூர்_கணக்கு | திங்கள், இரவு 10.20

ஃப்ளாப்புக்கு முன்பிருந்து. மிகப் பெரிய ஓட்டை அங்கேதான். ஜாக்கி ஜோடி வந்தால் பயந்துபோய் பெரிய பிளைண்டைப் போல் ஐந்து மடங்கு, ஆஸ் ஜோடி வந்தால் யாரும் ஓடிவிடக் கூடாதென்று இரண்டு மடங்கு. இதை விடச் சீட்டைத் திருப்பியே காட்டிவிடலாம். அளவைச் சீட்டு தீர்மானிக்கக் கூடாது, நிலைமை தீர்மானிக்கட்டும். 100-200இல் முதலில் திறக்கிறீர்களா, எப்போதும் 500. முன்னால் ஒருவர் 200 மட்டும் போட்டு நுழைந்திருந்தால் 700, இருவர் என்றால் 900. எந்தக் கையானாலும்.

அடுத்து ஃப்ளாப். ராஜா, 7, 2, மூன்றும் வேறு வேறு நிறம் என்றால் காத்திருக்க ஒன்றுமில்லை. முதலில் ஏற்றியவரிடமே ராஜாவும் ஆஸும் அதிகம் இருக்கும். மூன்றில் ஒரு பங்கை எல்லாக் கைகளோடும் போடலாம், விலை மலிவு, அர்த்தம் எதுவும் வெளியே தெரியாது. 9, 8, 7, அதில் இரண்டு ஆட்டின் என்றால் எதிராளியின் கையில் ஏதாவது ஒன்று ஒட்டியிருக்கும். அங்கே குறைவான கைகளோடு, முக்கால் அளவுக்கு.

மூன்றாவது, அடுக்கு முழுவதும் உள்ளே போக வேண்டுமென்றால் முதல் பெட் சுற்றிலேயே திட்டம் வேண்டும். 10,000 அடுக்கு, நீங்கள் 500க்குத் திறந்து பெரிய பிளைண்ட் போட்டவர் மட்டும் கால் பண்ணி வருகிறார். சின்ன பிளைண்டின் 100ஐயும் சேர்த்து பாட் 1100, கையில் 9500. ஃப்ளாப்பில் 900, டர்னில் 2400, ரிவரில் மிச்சம் 6200. மூன்றும் பாட்டில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. எங்கும் துருத்திக்கொண்டு தெரியாது. இதையே அரை அரையாக 550, 1100 என்று போட்டு வந்தால் ரிவரில் பாட் 4400, கையில் 7850. அங்கே ஆல் இன் சொன்னால் பாட்டைப் போல் ஒன்றே முக்கால் மடங்கு. அந்த அளவில் பிளஃப்பும் போடும் பழக்கம் உங்களுக்கு இல்லையென்றால் ஒருவரும் கால் பண்ண மாட்டார்.

பிளஃப்புக்குக் கை தேர்ந்தெடுப்பதில் ஒரு தவறு. ஃப்ளஷ் அமையாமல் போன கையோடு எல்லோரும் பிளஃப் போடுகிறார்கள். உங்கள் கையில் அந்த நிறம் இரண்டு இருந்தால், எதிராளியும் அதே நிறத்துக்குக் காத்திருந்து தோற்றிருக்கும் வாய்ப்பு குறைகிறது. அதாவது மடக்கக்கூடிய ஆளை நீங்களே குறைத்துவிட்டீர்கள். மாறாக, தரையில் மூன்று இஸ்பேடு கிடந்து, உங்களிடம் இஸ்பேடு ஆஸ் மட்டும் தனியாக இருந்தால், உச்ச ஃப்ளஷ் எதிராளியிடம் இருக்கவே முடியாது. அந்தக் கை பெரிய பெட்டுக்கு லாயக்கு.


கோரிப்பாளையம்_சந்து | திங்கள், இரவு 10.45

எல்லாம் சரிண்ணே, எதிராளியும் இதே கணக்கைப் படிச்சிருந்தாத்தானே? ஆனையூர் டேபிள்ல பெட்டைப் பாத்து மடக்குற ஆளே கிடையாது. "என்னதான் வச்சிருக்கான்னு பாத்துருவோம்"னே உக்காந்திருப்பாய்ங்க. அங்க 12க்கு 8 பிளஃப் போட்டா மூணு மணி நேரத்துல டீ வாங்கிட்டு வர்ற வேலைதான் மிஞ்சும்.


மேலூர்_கணக்கு | திங்கள், இரவு 11.00

இதில் நீங்கள் சொல்வதே சரி. மடக்காத ஆளிடம் பிளஃப் எண்ணிக்கை பூஜ்யம். பலமான கைக்கு அளவை ஏற்றிக்கொண்டே போகலாம், மறைக்கவே வேண்டாம். சமநிலை என்பது கவனிக்கிற எதிரிக்கு மட்டும்.


நெறியாளர் | செவ்வாய், காலை 6.30

இழை பயனுள்ளதாகப் போகிறது. ஒரே நினைவூட்டல்: காசு ஆட்ட ஆப், இணைப்பு, அழைப்பு எதுவும் இங்கே வேண்டாம். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலச் சட்டத்தின் தடைப் பட்டியலிலிருந்து ரம்மியையும் போக்கரையும் விடுவித்தது உண்மை. ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் இணையத்தில் பணம் வைத்து ஆடும் எல்லா விளையாட்டையும் தடை செய்கிறது. நேற்று இரவு வந்த ஒரு பதிவு நீக்கப்பட்டது.


சொக்கிகுளம்_அடுக்கு | செவ்வாய், காலை 10.15

பெட் அளவு ஒரே மாதிரி ஆனாலும் கை வேற வேற மாதிரி நகர்ந்தா எல்லாம் வீண். கையைச் சமப்படுத்த ஒரு முறை இருக்கு.

சீட்டை ஒரு தடவை மட்டும் பாருங்க, உங்க முறை வந்த பிறகு. தரையில மூணு ஒரே நிறம் விழுந்ததும் மறுபடி சீட்டைத் தூக்கிப் பாத்தா, கையில அந்த நிறம் ரெண்டு இல்லைன்னு அர்த்தம். ரெண்டு இருந்தா மறந்திருக்க மாட்டீங்க, ஒண்ணு எந்த நிறம்ங்கிறதுதான் மறக்கும்.

முறை வந்ததும் மனசுல அஞ்சு எண்ணுங்க. எளிய முடிவுக்கும் அஞ்சு, கஷ்டமான முடிவுக்கும் குறைஞ்சது அஞ்சு. உடனே விழுற கால் பெரும்பாலும் நடுத்தரக் கை, இல்லைன்னா எதுக்கோ காத்திருக்கிற கை. பலமா இருந்தா ஏத்தலாமான்னு யோசிக்க நேரம் எடுத்திருக்கும்.

தொகையை முதல்ல வாயால சொல்லுங்க. அப்புறம் அடுக்குலேருந்து அஞ்சு அஞ்சா வெட்டி, ஒரே கையால கோட்டைத் தாண்டித் தள்ளுங்க. எறியாதீங்க. எறிஞ்சா பாட்டோட கலந்து எண்ண முடியாது, அதோட பலமா எறியிற கைக்குப் பின்னால பலம் குறைஞ்ச சீட்டு இருக்கிறது வழக்கம். வச்சதும் கை எப்பவும் ஒரே இடத்துக்குத் திரும்பணும். சீட்டு மேல, இல்லை மேசை விளிம்புல.

தப்பு எங்க நடக்குதுன்னா, பிளஃப் போடும்போது மட்டும் இந்த வரிசை ஞாபகம் வரும். நல்ல கை வந்ததும் மறந்து கை தன்னால ஓடும். அதனால பயிற்சியை மடக்குற கைகள்லயும் செய்யுங்க, ஒரு ராத்திரியில அதுதான் அதிகம் வரும். விரல் நடுக்கத்தை மறைக்க முடியாது. ஆனா நடுங்குற கையைப் பாத்து பயந்து பிளஃப் போடுறான்னு நினைக்காதீங்க, அது பெரும்பாலும் பெரிய கை விழுந்த படபடப்பு.


டவுன்ஹால்ரோடு | செவ்வாய், மதியம் 12.40

அப்ப சிப்பை விரல்ல உருட்டுறது, ரெண்டு அடுக்கைக் கலக்குறது? அதையும் நிறுத்தணுமா?


சொக்கிகுளம்_அடுக்கு | செவ்வாய், மதியம் 12.55

நிறுத்த வேண்டாம். ஆனா உருட்டுறவர் எப்ப நிறுத்துறாருன்னு பாருங்க. ராத்திரி முழுக்க கலக்கிட்டே இருந்த கை, பெட் போட்டதும் அப்படியே உறைஞ்சு நின்னா ஏதோ மாறியிருக்கு. ஒவ்வொருத்தருக்கும் வழக்கம் எதுன்னு முதல் அரை மணி நேரம் பாத்துட்டுத்தான் மாற்றத்துக்கு அர்த்தம் சொல்லணும். வழக்கம் தெரியாம சொல்ற அர்த்தம் கிளி ஜோசியம்.


வைகைக்கரை | செவ்வாய், இரவு 8.10

டேபிள்ல ஒட்டுறதுக்கு இப்போதைக்கு எழுதியிருக்கிறது: எதிர்ல பெட் நிக்கும்போது ஒத்தைச் சிப் பேசாம விழுந்தா கால். பெரிய சிப் முன்னால. ஒரே அசைவு, இல்லைன்னா முதல்ல வாய்ச்சொல். தொகை எப்பவும் "மொத்தம்". பின்னமும் மொட்டை எண்ணும் கிடையாது. காலுக்கு "சமம்". கோட்டைத் தாண்டின சிப் திரும்பாது. எண்ணச் சொல்லிக் கேட்டா எண்ணிக் காட்டணும்.

முறை வராம சிப்பை அள்ளுறது மட்டும் முடிவாகலை. டீலரண்ணன் எச்சரிக்கைங்கிறாரு, சந்து விடச் சொல்றாரு.


தெப்பக்குளம்_டீலர் | செவ்வாய், இரவு 8.25

கோட்டுக்கு இந்தப் பக்கம்னா விட்டுடுங்க. அள்ளுறவர் தன் கையைத்தானே காட்டிக்குடுக்கிறாரு. ஆனா "சமம்"னு முறை வராம முணுமுணுத்தா, நடுவுல எதுவும் மாறாத வரைக்கும் அது அவரைக் கட்டும். அதையும் எழுதுங்க.


கோரிப்பாளையம்_சந்து | செவ்வாய், இரவு 8.31

சமம்.